ஒளி முன்பு இன்னும் வேகமாக ஓடியதா?

நீங்கள் பார்த்த காணொளி சொன்னதாக எழுதியிருப்பது இது: 1930களில் ஒளியின் வேகம் குறைந்துகொண்டே வந்ததாம், விஞ்ஞானிகளே அதைப் பதிவு செய்தார்களாம், பிறகு 1983இல் கூட்டம் போட்டு எண்ணைப் பூட்டிவிட்டார்களாம், இனி மாறினாலும் யாருக்கும் தெரியாதாம். அதன் தொடர்ச்சியாக நீங்கள் கேட்டிருப்பது: பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஒளி இன்னும் வேகமாக ஓடியிருந்தால், பிரபஞ்சத்துக்கு 1380 கோடி வயது என்ற கணக்கே தப்பாகிவிடாதா? காணொளிக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. 1930களில் மதிப்பு இறங்கியது நடந்த கதை. 1983இல் பூட்டியதும் நடந்ததுதான். கடைசி வாக்கியம், 'யாருக்கும் தெரியாது' என்பது, அதில்தான் கோளாறு.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் விண்ணியல் ஆய்வாளன் இல்லை. நிறமாலையியல் படித்துவிட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தோடு மல்லுக்கட்டியவன். ஆகவே அளவீடு சம்பந்தப்பட்டதை எல்லாம் அடித்துச் சொல்வேன். பிரபஞ்சத்தின் முதல் கணங்கள் பற்றிய கோட்பாடுகளை ஒரு வாசகனாகத்தான் அறிவேன். அந்த இடம் வரும்போது குரல் கொஞ்சம் தாழும்.

முதலில் 1930கள். அமெரிக்க இயற்பியலாளர் மைக்கெல்சன் 1926இல் கலிஃபோர்னியாவில் இரண்டு மலைகளுக்கு இடையே, 35 கிலோமீட்டர் தூரம் ஒளியை அனுப்பித் திரும்ப வாங்கி, நொடிக்கு 2,99,796 கிலோமீட்டர் என்றார். பிழை வரம்பு 4 கிலோமீட்டர். அடுத்து ஒரு மைல் நீளக் குழாயில் காற்றை உறிஞ்சிவிட்டு அளக்கத் தொடங்கினார். 1931இல் அவர் இறந்துபோக, கூட்டாளிகள் முடித்து 1935இல் வெளியிட்ட மதிப்பு 2,99,774. வேறு முறையில் அளந்தவர்களுக்கும் அதே சுற்றுவட்டாரத்தில்தான் வந்தது. கெரி டி ப்ரே என்பவர் பழைய, புதிய மதிப்புகளை வரிசையாக அடுக்கி, வேகம் குறைந்து வருகிறது என்று எழுதினார். 1941இல் எல்லா அளவீடுகளையும் அலசிப் பரிந்துரைக்கப்பட்ட மதிப்பு 2,99,776, பிழை வரம்பு 4. ஒன்பதே ஆண்டுகள். 1950இல் எஸ்ஸன் என்பவர் நுண்ணலைப் பெட்டகத்தை (நுண்ணலைகள் உள்ளே அதிரும் உலோகப் பெட்டியை) வைத்து அளந்தபோது 2,99,792.5 வந்தது. அதன்பின் யார் எந்த முறையில் அளந்தாலும் அங்கேயே நின்றது. வேகம் உண்மையிலேயே குறைந்ததென்றால், அது இறங்கிவந்து, பத்தாண்டு ஓய்வெடுத்து, மறுபடி ஏறி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது என்று நம்ப வேண்டும். அதைவிட எளிய விளக்கம் ஒன்று உண்டு: ஒரே தலைமுறைக் கருவிகளில் ஒரே மாதிரிப் பிழை, அதோடு பெரியவர்கள் சொன்ன எண்ணை ஒட்டியே நம் எண்ணும் வந்தால் மனதுக்கு ஒரு நிம்மதி.

இந்த நிம்மதியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு கிரேட்டிங்கின் (ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும், நெருக்கமாகக் கோடு கீறிய தகட்டின்) சட்டத்தில் ஒட்டிய சீட்டு மாறிப்போயிருந்தது. சென்டிமீட்டருக்கு இத்தனை கோடு என்று எழுதியிருந்த எண்ணே தவறு. அதை வைத்துக் கணக்குப் போட்டால் சோடியம் விளக்கின் அலைநீளம் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஒரு முழு பேட்ச் பையன்களுக்கும் 5893 ஆங்ஸ்ட்ராம் 'வந்தது'. ஒருவனுக்கு மட்டும் வரவில்லை. பயந்துபோய் என்னிடம் வந்தான், அவனால்தான் சீட்டு மாறிய விஷயமே தெரிந்தது. மற்றவர்கள் பொய் எழுதினார்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன்; எந்த ரீடிங்கைச் சந்தேகப்பட்டுத் திரும்ப எடுப்பது, எதை அப்படியே விடுவது என்பதை விடை தெரிந்த மனம் தானாகவே முடிவு செய்துவிடுகிறது. 1930களின் மேதைகளுக்கும் எங்கள் பையன்களுக்கும் இந்த ஒரு விஷயத்தில் பெரிய தூரம் இல்லை.

இன்னும் பழைய எண்களைக் காட்டி வாதிடுவோரும் உண்டு. 1849இல் ஃபிஸோ பாரிஸில் 720 பல் கொண்ட சக்கரத்தைச் சுழற்றி அளந்தபோது இன்றைய மதிப்பைவிட நாலைந்து சதவீதம் அதிகமாக வந்தது. 'பாருங்கள், அன்று வேகம் அதிகம்' என்பார்கள். அப்படியென்றால் 1676இல் ரோமர் வியாழனின் துணைக்கோளான ஐயோவின் கிரகணங்களைக் கவனித்துச் சொன்னதையும் எடுத்துக்கொள்ள வேண்டுமே. பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் என்றார் அவர். உண்மையில் 17 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அவர் கணக்குப்படி அன்று ஒளி இன்றைவிட நிதானமாகப் போயிருக்க வேண்டும். வேண்டிய புள்ளிகளை மட்டும் பொறுக்கினால் எந்தக் கோட்டையும் போடலாம்.

இனி 1983. அதுவரை மீட்டர் என்பது கிரிப்டான் வாயு உமிழும் ஓர் ஆரஞ்சு நிற ஒளியின் அலைநீளத்தை வைத்து வரையறுக்கப்பட்டிருந்தது. 1972இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லேசரால் ஒளியின் வேகத்தை அளந்த குழு, நொடிக்கு ஒரு மீட்டர் சுத்தத்துக்குப் போய்விட்டது. அதற்கு மேல் போக முடியாமல் தடுத்தது எது தெரியுமா? அந்தக் கிரிப்டான் கோடேதான். அது கூர்மையான கோடு இல்லை, ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். அளக்கப்படும் பொருள் நேராக இருக்கிறது, அளவுகோல்தான் கோணல் என்ற நிலை. எனவே தலைகீழாக மாற்றினார்கள்: ஒளி ஒரு நொடியில் 29,97,92,458 மீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம், மீட்டர் என்பது அதிலிருந்து வரட்டும் என்று. நொடியோ 1967 முதலே சீசியம் அணுவின் 919,26,31,770 அதிர்வுகள். ஆக, இன்றைய மீட்டரையும் நொடியையும் கொண்டு ஒளியின் வேகத்தை 'அளப்பது' மரக்காலை அதே மரக்காலால் அளப்பது மாதிரி. எப்போது அளந்தாலும் ஒரு மரக்கால்தான் வரும்.

அப்படியானால் மறைத்துவிட்டார்கள் என்பது சரிதானே என்று கேட்பீர்கள். இல்லை. மரக்கால் சுருங்கினால் நெல்லை அளக்கும்போது தெரிந்துவிடும். ஒளியின் வேகம் மட்டும் தனியாக மாறினால், மற்ற எல்லாம் மாறாத நிலையில், அணுக்களின் அளவு, அவை உமிழும் ஒளியின் நிறம், இவற்றுக்கு இடையே உள்ள விகிதங்கள் கலைந்துபோகும். அலகு எதுவும் இல்லாத வெறும் எண்தான் அந்த விகிதம். அதை எந்தக் குழுவும் கூட்டம் போட்டுப் பூட்ட முடியாது. இவற்றில் நமக்கு முக்கியமானது ஆல்ஃபா எனப்படும் நுண்கட்டமைப்பு மாறிலி. நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் வரைந்த ஹைட்ரஜன் அணுவில் முதல் சுற்றில் ஓடும் எலக்ட்ரானின் வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது அது, ஏறக்குறைய 137இல் ஒரு பங்கு. எலக்ட்ரானின் மின்னூட்டம், பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. 'ஒளியின் வேகம் மாறியதா' என்று நீங்கள் கேட்டால், என் போன்ற ஒருவர் அதை 'ஆல்ஃபா மாறியதா' என்று மொழிபெயர்த்துக்கொண்டுதான் பதில் தேடுவார். இந்த மொழிபெயர்ப்பில் ஓர் இழப்பு இருக்கிறது: ஆல்ஃபா மாறியது என்று ஒருநாள் நிரூபணமானாலும், மூன்றில் எது மாறியது என்று அந்த அளவீடு சொல்லாது.

நல்ல வேளையாக, ஆல்ஃபாவைப் பார்க்க எங்கள் சோடியம் விளக்கே போதும். அந்த மஞ்சள் ஒளி ஒரு கோடு இல்லை, இரட்டைக் கோடு. 5890, 5896 ஆங்ஸ்ட்ராம். டெலஸ்கோப்பின் குறுக்குக் கம்பியை முதல் கோட்டின் மேல் வைத்து, திருகை மயிரிழை நகர்த்தினால் பக்கத்திலேயே இன்னொன்று. அந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளியை அலைநீளத்தோடு ஒப்பிட்டால் வரும் பின்னம் ஆல்ஃபாவின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆல்ஃபா வேறாக இருந்த காலத்தில் கிளம்பிய ஒளியென்றால் இரட்டைக் கோடுகளின் நெருக்கமும் வேறாக இருக்கும். பிரபஞ்சம் விரிவதால் அலைநீளம் முழுவதும் நீண்டுபோனாலும் கவலையில்லை, இரண்டு கோடும் ஒரே விகிதத்தில் நீளும். 1967இல் பாகாலும் ஷ்மிட்டும் தொலைதூர ரேடியோ மண்டலங்களில் ஆக்சிஜனின் இரட்டைக் கோடுகளை இப்படித்தான் பார்த்தார்கள். மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அன்றைய கருவிகளுக்கு ஆயிரத்தில் சில பங்குக்குக் கீழே கண் தெரியாது.

இந்தக் கதையின் பரபரப்பான கட்டம் 1999இல் ஆரம்பிக்கிறது. சிட்னியைச் சேர்ந்த ஜான் வெப் குழுவினர் ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியின் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். பின்னால் குவேசார் (மிகத் தொலைவில் பிரகாசிக்கும் விண்மீன் மண்டல மையம்) விளக்கு மாதிரி எரிகிறது, நடுவில் ஒரு வாயு மேகம், அதிலுள்ள இரும்பும் மெக்னீசியமும் குவேசார் ஒளியில் கருப்புக் கோடுகளை வெட்டுகின்றன. ஆல்ஃபா மாறினால் மெக்னீசியக் கோடு அதிகம் அசையாது, இரும்பின் கோடுகள் நன்றாக அசையும். ஒன்றை நங்கூரமாக வைத்து மற்றதைப் பார்க்கலாம். 2004க்குள் 143 மேகங்களைப் பார்த்துவிட்டு, ஆல்ஃபா அன்று பத்து லட்சத்தில் சுமார் 6 பங்கு குறைவாக இருந்தது என்றார்கள். 'ஒளி மந்தமாகிறது' என்று பத்திரிகைகள் எழுதியது இதை வைத்துத்தான். மாற்றம் முழுவதையும் ஒளியின் வேகத்தின் தலையில் கட்டினால் முன்பு அது அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

அதே 2004இல் புனேயில் உள்ள வானியல் மையத்தின் ஸ்ரீஆனந்தும் கூட்டாளிகளும், சிலியில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கியில் 23 மேகங்களைப் பார்த்து, மாற்றம் எதுவும் இல்லை என்றார்கள். வெப் குழு விடவில்லை; ஸ்ரீஆனந்த் குழு கணக்கிட்ட முறையில் பிழை வரம்பு போலியாகச் சுருங்கிவிட்டது என்று காட்டியது. அந்த விமர்சனத்தில் நியாயம் இருந்தது. பிறகு 2010இல் வெப் குழுவே சிலித் தொலைநோக்கியின் பதிவுகளை அலச, இன்னும் விசித்திரம்: வடக்கு வானில் ஆல்ஃபா குறைவு, தெற்கு வானில் அதிகம்! வானத்துக்கு ஒரு திசை இருக்கிறது என்று ஒருபுறம் உற்சாகம். என்னைப் போன்ற ஆய்வகக் கிழங்களுக்கு வேறு சந்தேகம். வடக்கைப் பார்த்தது பெரும்பாலும் ஒரு கருவி, தெற்கைப் பார்த்தது வேறொரு கருவி. அசைவது வானமா, கருவியா? 2015இல் விடை வந்தது, வெப்பின் குழுவிலேயே வளர்ந்த மைக்கேல் மர்ஃபியும் இன்னொருவரும் கொடுத்தது. அலைநீள அளவைச் சரிபார்க்கத் தோரியம் ஆர்கான் விளக்கு ஒன்றை எரியவிடுவார்கள். அந்த விளக்கின் ஒளி கருவிக்குள் போகும் பாதையும் வானிலிருந்து வரும் ஒளி போகும் பாதையும் அச்சு அசல் ஒன்றல்ல. சிறுகோள்களில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியையும், சூரியனைப் போன்ற விண்மீன்களையும் இரு தொலைநோக்கிகளிலும் பார்த்தபோது, நிறமாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அளவுகோல் மெல்ல இழுபட்டிருப்பது தெரிந்தது. முன்பு கண்ட 'மாற்றத்தை' உருவாக்க அந்த இழுவையே ஏறக்குறையப் போதும். எங்கள் கிரேட்டிங்கின் சீட்டு ஞாபகம் வந்தது. 2022இல் எஸ்பிரெஸ்ஸோ என்ற புதிய கருவியில், சம இடைவெளியில் கூர்மையான கோடுகளைத் தரும் லேசர் சீப்பு கொண்டு அளவுகோலைத் திருத்தி, ஒரு பிரகாசமான குவேசாரைப் பார்த்தார்கள். பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு என்ற பிழை வரம்புக்குள் மாற்றம் ஏதுமில்லை.

குவேசார்களைவிட எனக்குப் பிடித்த சாட்சி ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டு மண்ணுக்குள் கிடந்தது. 1972இல் பிரான்சின் யுரேனிய ஆலை ஒன்றில் ஓக்லோ சுரங்கத்துத் தாதுவைச் சோதித்தவர்களுக்குக் கணக்கு உதைத்தது. யுரேனியத்தில் 235 என்ற வகை பூமியில் எங்கும் 0.7202 சதவீதம் இருக்க வேண்டும், இதில் 0.7171. அணுகுண்டு விவகாரத்தில் இப்படிச் சின்ன அளவு காணாமல் போனாலும் தூக்கம் போய்விடும். தேடிப்பார்த்ததில், சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தச் சுரங்கம் தானாகவே ஓர் அணு உலையாக எரிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் யுரேனியம் 235இன் பங்கு மூன்று சதவீதத்துக்கும் மேல். நிலத்தடி நீர் ஊறி வந்து நியூட்ரான்களை நிதானப்படுத்த, உலை பற்றிக்கொண்டது. சூடேறி நீர் ஆவியானால் அணைந்துவிடும், மறுபடி நீர் ஊறினால் எரியும்.

ஒளியின் வேகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், சமாரியம் என்ற தனிமத்தின் 149 என்ற வகை. இந்த அணுக்கரு மெதுவான நியூட்ரானைக் கண்டால் விழுங்கிவிடும். ஆனால் நியூட்ரானின் ஆற்றல் 0.0973 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (அணு உலகின் ஆற்றல் அலகு) அருகில் இருந்தால்தான் அந்தப் பசி. அணுக்கருவுக்குள் புழங்கும் ஆற்றல்களோ லட்சம், பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் கணக்கில். அவ்வளவு பெரிய வரவும் செலவும் ஏறக்குறைய ஈடுகட்டிப்போக, மிச்சமாக நிற்கும் சில்லறை அந்த 0.0973. ஆல்ஃபா துளி மாறினாலும் வரவு செலவு மாறும், சில்லறை எங்கோ போய்விடும், சமாரியம் நியூட்ரானைச் சீண்டாது. இயற்கையில் கிடைக்கும் சமாரியத்தில் இந்த 149 வகை சுமார் 14 சதவீதம். ஓக்லோவின் உலைப் பகுதியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. தின்று தீர்த்திருக்கிறது. அதாவது 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் அந்தப் பசி அதே இடத்தில் இருந்தது. 1976இல் ஷ்லியாக்டர் இதைக் கவனித்தார். 1996இல் டாமூரும் டைசனும் கணக்கைச் செப்பனிட்டு, ஆல்ஃபாவின் மாற்றம் கோடியில் ஒரு பங்கைத் தாண்டாது என்றார்கள். இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. உலை எவ்வளவு சூட்டில் எரிந்தது என்பதை ஊகிக்க வேண்டியிருக்கிறது, அணுக்கரு விசையின் வலிமை மாறவில்லை என்றும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து மாறி ஒன்றையொன்று மறைத்தன என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், ஓக்லோவை மட்டும் வைத்து அவரை மடக்க முடியாது.

உங்கள் வயதுக் கேள்விக்கு வருகிறேன். 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்ததைப் பார்த்தோம். தூரம் 1,68,000 ஒளியாண்டு. வெடிப்பில் உருவான கோபால்ட் 56 சிதைவதால் அதன் பிரகாசம் குறைந்துகொண்டு வந்தது. பூமியில் கோபால்ட் 56இன் அரை ஆயுள் 77 நாள். அங்கேயும் அதே தாளத்தில்தான் மங்கியது. ஒளி கிளம்பும்போது பத்து மடங்கு வேகத்தில் இருந்து வழியில் மந்தமாகியிருந்தால், அடுத்தடுத்த நாட்களின் ஒளி பத்து மடங்கு இடைவெளி விட்டு வந்து சேரும். 77 நாள் 770 நாளாகத் தெரியும். 'கதிரியக்கமும் அப்போது பத்து மடங்கு வேகமாக நடந்தது, அதனால் சரிக்குச் சரி' என்று ஒளி மந்தமாகிறது என்பவர்கள் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். சரி, கதிரியக்கம், அணுவின் அளவு, விண்மீன் எரியும் வேகம், கடிகாரம் எல்லாவற்றையும் ஈடுகட்டும்படி மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் எந்த விகிதமும் மாறவில்லை என்றுதான் ஆகும். அதற்கும் 'எதுவும் மாறவில்லை' என்பதற்கும் வித்தியாசம் காட்டும் சோதனை ஒன்றுகூட இல்லை.

தவிர, ஒளியின் பயணத்தை நம்பாமலே வயது சொல்லும் சாட்சிகளும் உண்டு. கையில் பிடிக்கக்கூடிய விண்கற்களில் யுரேனியமும் ஈயமும் சூரியக் குடும்பத்துக்கு 456 கோடி ஆண்டு என்கின்றன. ஆல்ஃபாவில் பத்து லட்சத்தில் சில பங்கு ஆடினாலும் 1380 கோடி என்ற எண்ணில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் வராது. பார்க்கக்கூடிய பிரபஞ்சத்தின் விளிம்பு 4600 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருப்பதைக் காட்டி, 'ஒளி வேகமாக ஓடாமல் அவ்வளவு தூரம் எப்படி' என்பவர்களுக்கு: ஒளி கிளம்பிய பிறகு நடுவில் உள்ள வெளி விரிந்துகொண்டே இருந்திருக்கிறது. அங்கே நீண்டது பாதைதான்.

சந்தேகத்துக்கு உண்மையாகவே இடமுள்ள பகுதி ஒன்று இருக்கிறது. நான் மேலே சொன்ன கட்டுப்பாடுகள் எல்லாம் நேற்றிலிருந்து ஆயிரம் கோடி ஆண்டு வரை. பெருவெடிப்பு நிகழ்ந்து 3,80,000 ஆண்டுகளில் கிளம்பிய பின்னணிக் கதிர்வீச்சில் பிடி தளர்கிறது, ஆயிரத்தில் சில பங்கு வரைக்கும்தான் உத்தரவாதம். முதல் நொடியின் துக்கடாவைப் பற்றிச் சொல்ல எந்தப் பிடியும் இல்லை. அங்கேதான் கோட்பாட்டுக்காரர்கள் கடை விரித்திருக்கிறார்கள். வானத்தின் எதிரெதிர் முனைகள் ஒன்றையொன்று தொட்டுப் பேச நேரமே இல்லாதபோது, எப்படி லட்சத்தில் ஒரு பங்கு சுத்தத்துக்கு ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன? வழக்கமான பதில், பிரபஞ்சம் ஒரு கணத்தில் அசுர வேகத்தில் ஊதிப் பெருத்தது என்பது. அதற்குப் பதிலாக, ஆரம்பத்தில் ஒளி பல மடங்கு வேகமாக ஓடியது என்று 1993இல் மொஃபட்டும், 1999இல் ஆல்பிரெக்ட், மகேய்ஜோ இருவரும் முன்வைத்தார்கள். கிறுக்குத்தனம் என்று ஒதுக்கக்கூடிய வேலை அல்ல. 2016இல் அஃப்ஷோர்டியும் மகேய்ஜோவும் ஒரு படி மேலே போய், பின்னணிக் கதிர்வீச்சின் ஏற்ற இறக்கங்களை விவரிக்கும் ஓர் எண் 0.96478 ஆக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். பிளாங்க் செயற்கைக்கோளின் 2018 முடிவு 0.965, பிழை வரம்பு 0.004. பொருந்துகிறது. ஊதிப் பெருத்த கதைக்கும் அது பொருந்துகிறது என்பதால் ஆட்டம் இன்னும் சமநிலை. கவனித்தீர்களா, அவர்கள் மாற்றுவதும் ஒளியின் வேகத்தைத் தனியாக அல்ல, ஒளிக்கும் ஈர்ப்பலைக்கும் (ஈர்ப்பு விசையின் அதிர்வாகப் பரவும் அலை) உள்ள வேக விகிதத்தை. 2017 ஆகஸ்ட் 17இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய செய்தி 13 கோடி ஒளியாண்டு கடந்து ஈர்ப்பலையாகவும் காமாக் கதிராகவும் வந்தபோது இடைவெளி 1.7 நொடி. எனவே குறைந்தது அண்மைக் காலத்தில் அந்த விகிதம் ஒன்றேதான்.

'யாருக்கும் தெரியாது' என்ற வாக்கியத்துக்கு நேரடிப் பதில் ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரத்து அளவியல் நிறுவனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இட்டெர்பியம் அயனி ஒன்றில் ஆற்றல் படிகளுக்கு இடையிலான இரண்டு வேறு தாவல்களைக் கடிகாரமாக்கி, ஒன்றின் துடிப்பை மற்றதோடு ஆண்டுக்கணக்கில் ஒப்பிடுகிறார்கள். ஆல்ஃபா மாறினால் இரண்டும் எதிரெதிராக விலகும். 2021இல் அவர்கள் சொன்னது: ஆண்டுக்கு மாற்றம் இருந்தாலும் கோடி கோடியில் ஒரு பங்கை நூறாகப் பிரித்து, அதையும் நூறாகப் பிரித்தால் வரும் துணுக்கில் ஒன்றிரண்டுதான். இது இன்றைய மாற்றத்துக்கு மட்டும். ஆதிகாலத்தில் மாறிப் பின் உறைந்துபோன எதையும் இந்தக் கடிகாரம் பார்க்காது. 2024இல் தோரியம் 229இன் அணுக்கருவையே லேசரால் தூண்டிவிட்டார்கள், 8.4 எலக்ட்ரான் வோல்ட்டில். அதுவும் ஓக்லோ சமாரியம் மாதிரிதான், பெரிய தொகைகள் கழிந்து மிஞ்சிய சில்லறை. ஆல்ஃபாவின் அசைவை அது இப்போதுள்ள கடிகாரங்களைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாக்கிக் காட்டலாம் என்கிறார்கள். அதைக் கொண்டு செய்யும் கடிகாரம் சில ஆண்டுகள் ஓடி முடித்ததும் இதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். மேலே எழுதிய எண்களில் சிலவற்றை நான் அடித்துத் திருத்த வேண்டிவரும்.